எந்த வயதில் தொடங்கியது?



மனநல மருத்துவரிடம் பிள்ளையைக் கூட்டிச் சென்றால் அவர் கட்டாயம் கேட்பது: "இது எந்த வயதில் தொடங்கியது?" தகப்பனார் "போன மாதம்தான்" என்பார். பக்கத்தில் இருக்கும் தாய் மெல்ல, "பத்தாவது படிக்கும்போதே ஒரு மாதிரி இருந்தான்" என்பார். இந்த மாதப் பாடம் அந்தத் தாயின் பதிலைப் பற்றியது.

பைபோலார் எனும் இருமுனை மனநோயில் ஒரு காலம் மனச்சோர்வு: தறியில் உட்கார்ந்தால் கை ஓடாது, தொழுகைக்கு எழவும் தெம்பிருக்காது. இன்னொரு காலம் எழுச்சி: தூக்கம் வேண்டாம், ஓயாத பேச்சு, கைப்பணத்தை வாரி இறைத்தல், ஒரே இரவில் பத்துத் தறி போடும் திட்டம். இடையில் மாதக்கணக்கில் இயல்பாக இருப்பார்கள். அதனால்தான் நோய் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை.

பெரும்பாலோருக்கு இது 15 முதல் 25 வயதுக்குள் தலைகாட்டுகிறது. சிறு வயதில் தொடங்கினால் சோர்வு கடுமையாக இருப்பதையும், பதற்றமும் போதைப் பழக்கமும் எளிதில் சேர்ந்துகொள்வதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. அதே ஆய்வுகள் சொல்லும் இன்னொன்று, இளையவர்களுக்கே சிகிச்சை மிகவும் தாமதமாகக் கிடைக்கிறது என்பது. நாற்பது வயதுக் குடும்பத் தலைவர் இப்படி ஆனால் மறுநாளே ஆஸ்பத்திரி. பதினாறு வயதுப் பையன் என்றால் "வயசுக் கோளாறு", "கூட்டாளி சரியில்லை" என்றே வருடங்கள் ஓடிவிடும். நோய் வந்த வயதை மாற்ற முடியாது. இந்தத் தாமதம் நம் கையில் இருக்கிறது.

இளவயதில் முதலில் வருவது பெரும்பாலும் சோர்வுதான். அதற்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் சிலருக்கு அதுவே எழுச்சியைக் கிளப்பிவிடும். ஆகவே, முன்பு தூக்கமின்றித் துள்ளித் திரிந்த நாட்கள் உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா என்பதை மறைக்காதீர்கள். சம்பந்தம் தடைபடும் என்று ஊருக்கு மறைத்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். (நிகாஹ் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்ற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம்.)

50 வயதுக்குப் பின் முதன்முறையாக வந்தால் விஷயம் வேறு. பக்கவாதம், தைராய்டு, ஸ்டீராய்டு மருந்து போன்ற காரணங்களை முதலில் தேட வேண்டும்.

ஓதிப் பார்ப்பதைக் குறை சொல்லவில்லை. துஆவோடு மருந்தும் இருக்கட்டும். மருத்துவம் இல்லாமல் விடப்பட்டவர்களின் கதி என்னவாகும் என்பதை ஏர்வாடியில் பார்த்தோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினர். இறந்தவர்கள் 28 பேர். சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்துள்ளது.

இந்நோய்க்கு 1949 முதல் பயன்பட்டுவரும் லித்தியம் இன்றும் சிறந்த மருந்துகளுள் ஒன்று. அதை உட்கொள்பவர் ரமளானுக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடலில் நீர் குறைந்தால் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறி நஞ்சாகலாம். சஹருக்காகத் தூக்கம் கெடுவதும் எழுச்சியைத் தூண்டலாம். நோயாளிக்கு நோன்பில் மார்க்கம் தந்த சலுகை இவர்களுக்கும் உண்டு.

நமக்கு அருகே வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. அங்கே உறவினரும் நோயாளியுடன் தங்குவதே முறை. தொலைபேசியில் ஆலோசனை கேட்க அரசின் இலவச எண் 14416. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது தாயையும் அழைத்துச் செல்லுங்கள். படிப்பை விட்ட வருடம், தூங்காத நாட்கள், சண்டை போட்ட பெருநாள் என்று அவர் நினைவில் இருப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.