ஆற்று மணலிலிருந்து காடு வரை: தாவர வழிமுறை வளர்ச்சி

இமயமலை அடிவாரத்து ஆறுகள் மழைக்காலந்தோறும் பெருக்கெடுத்து, கரைகளை அரித்து, கூழாங்கல்லையும் மணலையும் வேறிடங்களில் குவிக்கின்றன. வெள்ளம் வடிந்தபின் எஞ்சும் அத்திட்டுகளில் மட்கும் இல்லை, நிழலும் இல்லை. எனினும் பல பத்தாண்டுகளுக்குப்பின் அங்கே காடு நிற்கக் காணலாம். ஒரு தாவரக் கூட்டம் இடத்தைப் பண்படுத்த, வேறொரு கூட்டம் அவ்விடத்தைப் பெறுகிறது. ஒழுங்கான இம்மாற்றமே தாவர வழிமுறை வளர்ச்சி எனப்படும்.

1. வளர்ச்சியின் படிகள்

திட்டில் முதலில் குடியேறுவன நாணல் முதலிய புற்கள். அவற்றின் வேர்கள் மணலைப் பிணைக்கின்றன. அடுத்த வெள்ளம் கொணரும் வண்டல் தூர்களிடையே தங்கிவிடுகிறது. பின்னர்ச் சீசமும், காசுக்கட்டி தரும் கருங்காலியும் வருகின்றன. இவற்றின் தட்டையான, இலேசான காய்களைக் காற்றும் நீரும் பரப்புகின்றன. இவை முன்னோடி மரங்கள். இவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர உதவுகின்றன.

இலைச்சருகு மட்கி நிலம் ஈரம் பிடித்தபின், நாவல் முதலிய வேறு மரங்களும் இடம் பெறுகின்றன. முழு வெயிலை வேண்டும் முன்னோடிக் கன்றுகளோ, தம் தாய்மரங்கள் உண்டாக்கிய நிழலிலேயே வளர இயலாமல் பின்னடைகின்றன. நீர் தேங்காத மேட்டுநிலத்தில், தாய்மரங்கள் அருகிலிருந்தால், காலப்போக்கில் சால் மரமும் வரலாம். சால் விதை முளைக்கும் திறனைச் சில நாட்களே காக்கும். ஆதலின் தொலைவிலிருந்து வந்து சேர்தல் அதற்கு அரிது.

2. இழந்த காடு மீளுதல்

மண்ணே இல்லாத இடத்தில் தொடங்குவது முதல்நிலை வளர்ச்சி. மரங்கள் வெட்டப்பட்டோ தீயில் அழிந்தோ போன இடத்தில் மண்ணும், விதைகளும், உயிருள்ள அடிக்கட்டைகளும் எஞ்சியிருக்கும். அங்கு நிகழ்வது இரண்டாம் நிலை வளர்ச்சி. வெட்டிய சால் மரத்தின் அடிக்கட்டை மீண்டும் தழைக்கும். ஆகவே இரண்டாவது, முதலாவதைவிட விரைவானது. மேல்மண் அடித்துச் செல்லப்படின் இச்சலுகை பறிபோகும்.

3. இறுதிநிலை ஒன்றுதானா?

ஒவ்வொரு தட்பவெப்பப் பிரதேசத்திலும் வளர்ச்சி ஒரே உச்ச சமுதாயத்தில் முடியும் என அமெரிக்க அறிஞர் கிளமெண்ட்ஸ் 1916-இல் எழுதினார். தாவரக் கூட்டங்கள் அவ்வளவு கட்டுக்கோப்பானவை அல்ல என்று 1926-இல் கிளீசன் மறுத்தார். வெள்ளம், தீ, மேய்ச்சல், விதை வந்துசேரும் வாய்ப்பு ஆகியவை பாதையை மாற்றும் என்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. ஆறு தடம் மாறினால், வளர்ந்த காடும் மீண்டும் மணல் திட்டாகும்.

4. களப் பணியாளர் கவனத்திற்கு

முதலாவது, நிலம் எந்தப் படியில் உள்ளது என அறியாமல் நடவு செய்தல் வீண். புதிய கூழாங்கல் திட்டில் சால் கன்று நிலைக்காது. அங்குச் சீசமும் கருங்காலியுமே ஏற்றவை.

இரண்டாவது, ஆண்டுதோறும் தீயும் மேய்ச்சலும் தொடருமிடத்தில் இளங்கன்றுகள் அழிந்து, வளர்ச்சி ஒரே படியில் தங்கிவிடும். அருகில் விதைமரங்கள் இருப்பின், இவ்விரண்டையும் தடுத்தாலே பெரும்பாலும் காடு தானே மீளும்.

மூன்றாவது, எல்லாப் புல்வெளியும் சீரழிந்த காடு அன்று. பிரம்மபுத்திராவின் வெள்ளச் சமவெளியில் உள்ள காசிரங்காவில் ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகமும் சதுப்பு மானும் புல்வெளியை நம்பி வாழ்கின்றன. அங்கே புதரும் மரமும் பரவாதிருக்க, வறண்ட பருவத்தில் புல்வெளியின் பகுதிகள் திட்டமிட்டுக் கொளுத்தப்படுகின்றன. அத்தகைய இடத்தில் மரம் நடுதல் உதவியாகாது, தீங்கே ஆகும்.

5. பள்ளியில் செய்து காண

பள்ளி வளாகத்தில் ஒரு மீட்டர் நீள அகலமுள்ள இரு சதுரங்களைக் குறிக்கவும். ஒன்றில் புல்லை மட்டும் வேருடன் களைக. மற்றொன்றில் மேல்மண்ணையும் ஒரு சாண் ஆழத்திற்கு அகற்றுக. இரண்டிற்கும் வேலியிட்டு, மாதந்தோறும் முளைக்கும் செடிகளை எண்ணி, பெயருடன் பதிவு செய்க. எது முதலில் பசுமை பெறுகிறது? முதலில் வந்த செடிகளுள் எவை ஓராண்டிற்குப் பின்னும் எஞ்சியுள்ளன? விடைகளை மாணாக்கர் தம் குறிப்பேட்டிலிருந்தே கண்டறிதல் வேண்டும்.