விளையாட்டு மைதானமும் இடி மின்னல் அபாயமும்

வேங்கிக்கால் போன்ற ஊர்களில் சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் இடிமழை பெரும்பாலும் மாலையில் வருகிறது. பிள்ளைகள் மைதானத்தில் கூடுவதும் அவ்வேளையே. தென்மேற்கில் திரளும் மேகத்தை அண்ணாமலை ஓரளவு மறைப்பதால், கண்ணைவிடக் காதையே நம்புதல் நலம்.

மின்னலைக் கண்டபின் இடி கேட்கும்வரை விநாடிகளை எண்ணுக. 3 விநாடிக்கு ஏறக்குறைய 1 கிலோமீட்டர் தூரமாகும். 10 கிலோமீட்டருக்கு அப்பால் மேகமிருப்பினும் அடுத்த மின்னல் மைதானத்தில் விழக்கூடும். ஆகையால் மழைத்துளிக்காகக் காத்திராமல், முதல் இடியிலேயே ஆட்டத்தை நிறுத்த வேண்டும்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி, பெரு தேசத்துச் சில்கா என்னும் ஊரில் கால்பந்தாட்டம் நிறுத்தப்பட்டு, ஆட்டக்காரர் வெளியேறிக் கொண்டிருக்கையில் மின்னல் தாக்கி ஒருவர் மாண்டார். கட்டடத்தை அடைய அவகாசமிருக்கும்போதே நிறுத்துதல் அவசியம் என்பதற்கு இதுவே சான்று.

அங்கத்தினர் கவனிக்க வேண்டிய விதிகள்:

1. சுவருள்ள கட்டடம் அல்லது மூடிய பஸ்ஸே தக்க புகலிடம். மரத்தடி, பந்தல், திறந்த கொட்டகை ஆகா.

2. கோல் கம்பம், கம்பி வேலி, மின்விளக்குக் கம்பம் இவற்றை அணுகலாகாது.

3. கடைசி இடிக்குப்பின் 30 நிமிஷம் கழித்தே ஆட்டத்தைத் தொடங்கலாம்.

4. மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. தொடுவதற்கு அஞ்ச வேண்டாம். மூச்சு நின்றிருப்பின் உடனே மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயல்க, 108-க்கும் அறிவிக்க.

ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரத்தை முன்கூட்டியே ஒருவரிடம் ஒப்புவித்து, சங்கத்தார் தீர்மானம் செய்தல் நன்று. பந்தயத்தை மறுநாளும் நடத்தலாம்.