ஐந்தாம் ஓட்டக்காரன்

அமெரிக்க நாட்டின் கலிஃபோர்னியா மாநிலத்தில், கெர்ன் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் மெக்ஃபார்லண்ட். பேக்கர்ஸ்ஃபீல்டு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், 99ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி இவ்வூர் அமைந்துள்ளது. மழை குறைந்த சமவெளிப் பகுதி அது. கோடையில் வெப்பம் 38 பாகையைத் தாண்டுவது வழக்கம். ஆயினும் கால்வாய் நீராலும் நிலத்தடி நீராலும் திராட்சையும் பாதாமும் ஆரஞ்சும் அங்குச் செழித்து விளைகின்றன.

விளைச்சல் செழிப்பாக இருப்பினும் அதைப் பறிப்போரின் வாழ்வு செழிப்பானதன்று. இவ்வூர் மக்களுள் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வேலை தேடி வந்தவர்கள். அல்லது அவ்வாறு வந்தவர்களின் வழித்தோன்றல்கள். களை பறித்தல், கொடி கழித்தல், கனி பறித்தல் ஆகியவையே அவர்களுடைய தொழில். அண்மையில் உள்ள டெலானோ என்னும் ஊரில் 1965ஆம் ஆண்டு திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினர். அப்போராட்டம் ஐந்து ஆண்டுகள் நீடித்தது என்பதிலிருந்தே அக்காலத்துக் கூலியின் நிலையை உணரலாம்.

இவ்வூர்ப் பிள்ளைகள் பயிலும் அரசுப் பொதுப்பள்ளியே மெக்ஃபார்லண்ட் உயர்நிலைப் பள்ளி. மாணவர்களுள் பலர் விடுமுறை நாள்களிலும் கோடைக்காலத்திலும் பெற்றோருடன் வயலுக்குச் சென்றனர். பிள்ளையின் ஒருநாள் உழைப்பும் குடும்பத்திற்கு வருவாயாகும். எனவே, ‘விளையாட்டுப் பயிற்சிக்குப் போகிறேன்’ என்று ஒரு மாணவன் கூறினால், அச்சொல் வீட்டுக் கணக்கையே தொட்டது.

ஜிம் ஒயிட் என்னும் ஆசிரியர் 1964ஆம் ஆண்டு இவ்வூருக்குப் பணியாற்ற வந்தார். 1980ஆம் ஆண்டில் பள்ளியின் நெடுவெளி ஓட்டக் குழுவுக்குப் பயிற்றுநரானார். ‘கிராஸ் கன்ட்ரி’ என வழங்கப்படும் இவ்வோட்டம் வட்டப் பாதையில் நடைபெறுவதன்று. புல்வெளி, மேடு, பள்ளம், மண்பாதை ஆகியவற்றின் ஊடே ஓட வேண்டும். அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்திற்குப் பருத்த உடலும் தலைக்கவசமும் தோள்கவசமும் தேவை. இவ்வோட்டத்திற்கோ ஓர் இணைக் காலணி போதும். மெக்ஃபார்லண்ட் மாணவர்களுக்குத் தோட்டங்களுக்கு இடையே செல்லும் மண்பாதைகளே ஓடுகளமாயின. அவர்கள் ஓட, பயிற்றுநர் மிதிவண்டியில் உடன் சென்றார்.

இவ்வோட்டத்தில் வெற்றியைக் கணக்கிடும் முறை புதுமையானது. குழு ஒன்றுக்கு எழுவர் ஓடுவர். அவர்களுள் முதலில் வந்து சேரும் ஐவரின் இடங்களை எண்களாகக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை எக்குழுவுக்குக் குறைவோ அக்குழுவே வெல்லும். ஒரு குழுவினர் 1, 2, 3, 25, 30 ஆகிய இடங்களைப் பெற்றனர் எனக் கொள்வோம், கூட்டுத்தொகை 61. மற்றொரு குழுவினர் 8, 9, 11, 13, 15 ஆகிய இடங்களில் வந்தனர், கூட்டுத்தொகை 56. முதல் மூன்று இடங்களையும் பிடித்த குழு தோற்கிறது! எஞ்சிய இருவரும் வீணாக ஓடுபவர் அல்லர். அவர்கள் எதிரணியின் ஐந்தாம் ஓட்டக்காரனை முந்திவிட்டால் அவ்வணியின் எண் கூடிவிடும். ஆகவே, தனக்கு முன்னே செல்பவனைவிடத் தனக்குப் பின்னே தளர்ந்து வருபவனைப் பற்றியே ஒரு நல்ல குழு மிகுதியாகக் கவலைப்படும். வரிசையாக நின்று ஒரே வேகத்தில் வயலில் வேலை செய்து பழகியவர்களுக்கு இக்கணக்கு எளிதில் விளங்கியிருக்கும்.

அந்த ஆண்டுகளில் மெக்ஃபார்லண்ட் என்னும் பெயர் நாளிதழ்களில் இடம்பெற்றது வேறொரு காரணத்தால். 1980களில் அவ்வூர்ச் சிறுவர் பலருக்குப் புற்றுநோய் கண்டது. ஆய்வுகள் நடந்தும் அதன் காரணம் உறுதிப்படவில்லை. ஊரே அஞ்சியிருந்த அக்காலத்தில்தான், 1987ஆம் ஆண்டில், கலிஃபோர்னியா மாநில அளவிலான முதலாவது நெடுவெளி ஓட்டப் போட்டி ஃபிரெஸ்னோ நகரின் உட்வர்டு பூங்காவில் நடைபெற்றது. ஓட்டத் தொலைவு 5 கிலோமீட்டர். மெக்ஃபார்லண்ட் மாணவர் குழு தன் பிரிவில் மாநிலப் பட்டத்தை வென்றது. 2003ஆம் ஆண்டு ஒயிட் ஓய்வு பெறுவதற்குள் அக்குழு வென்ற மாநிலப் பட்டங்கள் ஒன்பது.

இவ்வரலாற்றை ஒட்டி 2015ஆம் ஆண்டு டிஸ்னி நிறுவனம் ஒரு திரைப்படம் வெளியிட்டது. அப்படத்தில் பயிற்றுநர் 1987ஆம் ஆண்டில் ஊருக்குப் புதிதாக வருகிறார்; சில மாதங்களிலேயே பட்டம் கிடைத்துவிடுகிறது. உண்மையில் அதற்கு முன்பே அவர் அவ்வூரில் 23 ஆண்டுகளைக் கழித்திருந்தார். குழுவைப் பயிற்றுவிக்கத் தொடங்கியும் ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு மணி நேரப் படத்திற்கு அத்தனை ஆண்டுகள் சுமையாகலாம். ஆனால் அந்த ஏழு ஆண்டுகளை நீக்கிவிட்டால், பயிற்சியின் கதை நற்பேற்றின் கதையாகிவிடுகிறது.

அக்குழுவில் ஓடியவர் பலர் கல்லூரிக் கல்வி பெற்றனர். அவர்களுள் சிலர் மெக்ஃபார்லண்டுக்கே திரும்பி வந்து ஆசிரியராகவும் பயிற்றுநராகவும் பணியாற்றினர்.

பயிற்சி

1. மூன்றாவது குழு ஒன்று 4, 5, 6, 21, 24 ஆகிய இடங்களைப் பெற்றது எனின், பாடத்தில் கண்ட இரு குழுக்களோடு ஒப்பிட அதற்குக் கிடைக்கும் இடம் எது? கணக்கிட்டு எழுதுக.

2. ‘அச்சொல் வீட்டுக் கணக்கையே தொட்டது’ – இத்தொடரின் பொருளை உம் சொற்களில் விளக்குக.

3. திரைப்படத்திற்கும் உண்மை வரலாற்றுக்கும் உள்ள வேறுபாடு யாது? படத்தை உருவாக்கியோர் அவ்வாறு மாற்றியது தகுமா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.