நீரோரக் காடு பாழ்நிலமா?

பல ஆண்டுகள் இடம்பெயர்ந்திருந்து ஊர் திரும்பும் கமக்காரர் முதலிற் காண்பது எதனை? வயலிற் பற்றை, அலைகரையிற் காடு, வாய்க்காலிற் குப்பை. "எல்லாம் பாழாய்ப் போயிற்று" என்கிறோம். ஆனால் நீரோரத்திற் காடு வளர்ந்த இடமெல்லாம் பாழ் அல்ல. கொழும்பின் அனுபவம் ஒன்றைப் பார்ப்போம்.

கொழும்பில் நடந்தது

கொழும்பைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களிற் பல ஒருகாலத்தில் நெல்வயல்கள். வேளாண்மை நின்றதும் அங்கே குப்பை கொட்டினர். மண் நிரப்பிக் கட்டடங்களும் எழுப்பினர். மழைநீர் தங்க இடம் குறைந்தது. 2010 நவம்பர் மழையிற் பாராளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்தது.

பின்னர் தலவத்துகொடையில் ஏறத்தாழ 60 ஏக்கரும், கோட்டே பெத்தகானையில் 18 ஹெக்டேயரும் ஈரநிலப் பூங்காக்களாயின. நிலத்தை நிரப்பாமல், தூண்களின் மேல் நடைபாதை அமைத்தனர். நீர் கீழே தன்பாட்டில் நிற்கிறது. நீர்ப்பறவைகளோடு, அரிதான மீன்பிடிப் பூனையும் அங்கே வாழ்கிறது. 2018இல் ராம்சார் சமவாயம் அங்கீகரித்த உலகின் முதல் 18 ஈரநில நகரங்களுள் கொழும்பும் ஒன்று.

சும்மா விட்டதால் இது வரவில்லை. அன்னமுன்னாவின் இனமான 'வெல் ஆத்தா' என்னும் அயல்நாட்டு மரம் இச்சதுப்புகளில் அடர்ந்து பரவுவது. அதனைக் களைந்துகொண்டே இருக்க வேண்டும்.

எமது குளங்களில்

1. அலைகரையிலுள்ள மருதமரங்களை வெட்டாதிருப்போம். அவை காற்றையும் அலையையும் தணிக்கும். மரங்களுக்கு மேலேயுள்ள புல்நிலம் வண்டலை மறிக்கும். இவை அழிந்தால் குளம் தூர்ந்து, சிறுபோகத்திற்கு நீர் குறையும்.

2. குளக்கட்டின் கீழுள்ள ஈரப் பற்றையையும் விட்டுவைப்போம். சிங்களக் கமக்காரர் இதனைக் 'கட்டக்கடுவ' என்பர். கசிநீரின் உப்பு வயலுக்குச் செல்லாமல் இது தடுக்கும்.

3. ஆகாயத்தாமரையையும் சல்வீனியாவையும் சிரமதானமாக அகற்றுவோம். அவற்றைக் கூட்டெருவாக்கலாம்.

ஓர் எச்சரிக்கை

அலைகரை ஊரின் பொதுச்சொத்து. வயலோ உரித்தாளரின் சொத்து. மக்கள் இல்லாத காலத்தில் வளர்ந்த பற்றையைக் காட்டி, உரியவரைக் கேளாமல் வயலையும் சேர்த்து எல்லைக்கல் நாட்டுவது நீதியன்று. ஆகவே எல்லை குறிக்கும் நாளிற் கமக்காரர் அமைப்பும் காணிக்காரரும் அங்கே நிற்க வேண்டும். இன்னும் திரும்பாத குடும்பங்களுக்கும் சொல்லியனுப்புவோம். உறுதியோ அனுமதிப்பத்திரமோ தொலைந்திருந்தால், பிரதி பெறும் வழியைப் பிரதேச செயலகத்தில் இப்போதே விசாரிப்போம்.

ஏதேனில் மனிதனை வைத்த இறைவன் அவனுக்கு இரண்டு வேலைகளைக் கொடுத்தார்: பண்படுத்துதல், காத்தல். ஒன்றுக்காக மற்றதை விடுவதற்கு எமக்கு உரிமையில்லை.

கலந்துரையாட

• எமது குளத்தின் அலைகரை எதுவரை? அதனை அறிந்த முதியவர் யார்?
• அங்கே எதை வெட்டலாம், எதை விடவேண்டும்?
• எல்லை குறிக்கும்போது யாருடைய வயல் பாதிக்கப்படலாம்? அவர் இப்போது எங்கே இருக்கிறார்?