பின்னேரத்து இடியும் கடலில் பிறக்கும் சூறாவளியும்

ஐப்பசி மாதத்தில் பின்னேரக் கொழுந்து நிறுக்கும் நேரம் வானம் கறுக்கும். இடி முழங்கும், ஒரு பாட்டம் மழை கொட்டும், இருட்டுவதற்குள் ஓய்ந்துவிடும். இது நமக்குப் பழகிப்போனது. ஆனால் 2025 நவம்பர் 28ஆம் திகதி இலங்கையைத் தாக்கிய டித்வா சூறாவளியின் மழை அப்படி ஓயவில்லை. நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இடிமழையும் மேகந்தான், சூறாவளியும் மேகந்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

கடலின் சூடு

தனி இடிமேகம் ஒரு மணித்தியாலம் அளவில் கொட்டிவிட்டுக் கலைந்துவிடும். சூறாவளி உண்டாக வேண்டுமானால் பல இடிமேகங்கள் கடலின் மேல் நாட்கணக்கில் கூடி நிற்க வேண்டும். அவற்றுக்குத் தீனி கடலின் நீராவி. கடல்நீர் சுமார் 26.5 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். நீராவி மேலே போய்த் துளியாகும்போது வெப்பம் வெளிவரும். அதனால் காற்று இன்னும் மேலேறும், கீழே அமுக்கம் குறையும். இதுவே தாழமுக்கம்.

வானத்து அலை

மேகங்களைக் கூட்டிச் சேர்ப்பது எது? குளத்தில் கல் எறிந்தால் அலை ஓடுகிறதல்லவா? வானிலும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத அலைகள் ஓடுகின்றன. அலையின் ஒரு பக்கத்தில் காற்று மேலெழும், அங்கே இடிமேகம் திரளும். மறுபக்கத்தில் காற்று கீழிறங்கும், வானம் வெளுக்கும்.

1971இல் மேடன், ஜூலியன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இருவர், பூமத்திய ரேகையை ஒட்டிக் கிழக்கு நோக்கி நகரும் இப்படியான ஓர் அசைவைக் கண்டறிந்தார்கள். அது 30 முதல் 60 நாட்களுக்கு ஒருமுறை திரும்ப வரும். அதன் மழைப்பக்கம் இந்து சமுத்திரத்தின் மேல் வரும்போது, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் வாய்ப்புக் கூடும்.

சுழற்சி

மேகம் கூடினால் மட்டும் போதாது, சுழலவும் வேண்டும். அந்தத் திருப்பத்தைக் கொடுப்பது பூமியின் சுழற்சி. பூமத்திய ரேகைக்கு மிக அருகில் அது போதாது. வழக்கமாக 5 பாகையாவது தள்ளியிருக்க வேண்டும். இலங்கை ஏறக்குறைய 6 முதல் 10 பாகை வரை கிடக்கிறது. ஆகவே நம் வாசலிலேயே சூறாவளி பிறக்கலாம். மேல்காற்றும் கீழ்க்காற்றும் வேறுவேறு பக்கம் இழுத்தால் மேகக்கூட்டம் சிதறிவிடும். அதனால்தான் எல்லாத் தாழமுக்கமும் சூறாவளியாவதில்லை.

நாம் செய்ய வேண்டியது

இவையெல்லாம் கூடிவர அநேகமாகச் சில நாட்கள் செல்லும். அந்த நாட்கள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். வானொலியில் "தாழமுக்கம்" என்று கேட்டதுமே விழித்துக்கொள்வோம். "காத்து ஒன்னும் அடிக்கலையே" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. மலைநாட்டில் ஆளைக் கொல்வது காற்றைவிட மழைதான்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால் வெளியேறிவிட வேண்டும். பக்கம் நேரான ஒரு வெறும் டின்னை வெட்டவெளியில் வைத்து, பிள்ளைகளே அடிமட்டத்தால் அளந்து பார்க்கலாம். 75 மில்லிமீற்றர் என்பது சுமார் மூன்று அங்குலம்.

லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்தாலோ, மரம் சாய்ந்தாலோ, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ அளவு பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு உடனே புறப்படுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. சாமான் சட்டியைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.