ராம் நிரம்பியிருந்தால் கோளாறா?

அம்பத்தூர் தொழிற்பேட்டை வட்டாரத்தில் என்.டி.டி., டிஜிட்டல் கனெக்ஷன், கன்ட்ரோல்எஸ் என டேட்டா சென்டர்கள் வரிசையாக எழுந்துவிட்டன. ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் சர்வர் வேலைக்கு வர நினைக்கும் இளைஞர்கள் செஃப் என்ற திறந்தமூலச் சேமிப்பகத்தை எங்காவது சந்தித்தே தீருவார்கள். அதன் நினைவகப் பயன்பாடு பற்றி உலவும் சில நம்பிக்கைகள் நல்ல சர்வரையும் நள்ளிரவில் சாய்த்துவிடும்.

நம்பிக்கை: 64 ஜிபியில் 50 ஜிபி போய்விட்டது, எங்கோ கசிகிறது.

உண்மை: முதலில் டிஸ்க்குகளை எண்ணுங்கள். பொதுவாக ஒரு டிஸ்க்குக்கு, அதிலுள்ள தரவைக் கையாளும் ஓ.எஸ்.டி. என்ற புராசஸ் ஒன்று ஓடும், நாம் மாற்றாதவரை அதன் நினைவக இலக்கு 4 ஜிபி. 12 டிஸ்க் இருந்தால் 48 ஜிபி. கேட்டு வாங்கிய பங்கு அது. பழைய ஃபைல்ஸ்டோர் முறையில் கேஷ் கெர்னலின் கணக்கில் இருந்தது. 2017-ல் வந்த லூமினஸ் பதிப்பிலிருந்து இயல்பாக வரும் புளூஸ்டோர், அதைத் தன் புராசஸுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. அதனால்தான் 'யூஸ்டு' எண் பெரிதாகத் தெரிகிறது.

நம்பிக்கை: இலக்கு 4 ஜிபி என்றால் அதற்கு மேல் போகாது.

உண்மை: போகும். இலக்கு என்பது உச்சவரம்பு அல்ல. விடுபட்ட பிரதிகளைச் சீராக்கும் ரெக்கவரி நடக்கும்போது ஓ.எஸ்.டி. அதைத் தாண்டும், விடுவித்த பக்கங்களைக் கெர்னல் உடனே எடுத்துக்கொள்ளும் என்ற உறுதியும் இல்லை. 20 சதவீதம் கூடுதலாக ஒதுக்கும்படி செஃப் ஆவணமே சொல்கிறது. அப்படியானால் அந்த 48, கிட்டத்தட்ட 58 ஆகிவிடும். கிளஸ்டரின் நிலையைக் கண்காணிக்கும் செஃப் மானிட்டர் புராசஸையும் அதே பெட்டியில் ஓட்டினால் 64 ஜிபி இழுபறிதான்.

நம்பிக்கை: ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்.

உண்மை: எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். பல ஓ.எஸ்.டி.க்களை ஒரே நேரத்தில் நிறுத்தி எழுப்பினால் பியரிங் (ஓ.எஸ்.டி.க்கள் தங்களுக்குள் தரவு நிலையை ஒத்துப்பார்ப்பது), ரெக்கவரி என்று மற்ற சர்வர்களிலும் நினைவகம் ஏறும். அங்கே கெர்னல் ஒரு புராசஸைக் கொன்றால் சுமை அடுத்ததன் தலையில் விழும். செஃப்பில் உண்மையாகவே ஒரு பிழை இருந்தது: தரவுக் குழுக்களின் மாற்றப் பதிவேடான பிஜி லாக்கில், திரும்ப வரும் கோரிக்கைகளை அடையாளம் காண வைக்கும் 'டப்' பதிவுகள் நீக்கப்படாமல் குவிந்தன. எழும்போது ஓ.எஸ்.டி. அவை அத்தனையையும் மறுபடி ஏற்றியதால், ரீஸ்டார்ட் செய்த இடத்திலேயே நினைவகம் தீர்ந்து விழுந்தது.

நினைவகம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வழி உண்டு. டம்ப்_மெம்பூல்ஸ் கட்டளை எந்தப் பகுதி எத்தனை பைட் வைத்திருக்கிறது என்று வரிவரியாகக் காட்டும். ஓஎஸ்டி_பிஜிலாக் வரி மட்டும் கேஷ் வரிகளை மிஞ்சி நின்றால் சந்தேகம் அங்கே. மொத்தக் கூட்டல் சிறிதாக இருந்தும் புராசஸ் பெரிதாகத் தெரிந்தால், விடுவித்த இடத்தை டிசிமேலாக் என்ற நினைவக ஒதுக்கி பிடித்து வைத்திருக்கலாம். ஹீப் ரிலீஸ் கட்டளை கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இறங்கும்.

நம்பிக்கை: ராம் கூட்டினால் தீரும்.

உண்மை: செஃப்பை நிர்வகிக்கும் செஃப்ஏடிஎம் (cephadm) கருவியின், தானாக இலக்கு நிர்ணயிக்கும் வசதி இயங்கினால், சர்வரின் நினைவகத்தில் 70 சதவீதத்தைச் செஃப்புக்கு என்று கணக்கிட்டு இலக்கையும் உயர்த்தும். புது ராமும் நிரம்பும். அதே பெட்டியில் விர்ச்சுவல் மெஷின்கள் ஓடினால் அந்த விகிதத்தை 0.2 அளவுக்குக் குறைத்தாக வேண்டும்.

ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டிய நிலை வந்தாலும், முதலில் மெம்பூல்ஸ் கணக்கை ஒரு கோப்பில் சேமித்துவிட்டு, ஒவ்வொரு ஓ.எஸ்.டி.யாகச் செய்யுங்கள்.