கூரையைக் கொத்தும் கிளி

இந்த மாதப் படிப்பு வட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு கிளி. பெயர் கியா. கார் கம்பெனி இல்லிங்க. நியூசிலாந்தின் தென் தீவில் மட்டும் வாழும் மலைக்கிளி. அது 'கீ...யா' என்று கத்துவதால் மாவோரி மக்கள் அந்தச் சத்தத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். உடம்பு பாசிப் பச்சை, இறக்கைக்கு அடியில் செம்மஞ்சள், எடை ஏறக்குறைய ஒரு கிலோ. மேல் அலகு நீண்டு, கொக்கி மாதிரி வளைந்திருக்கும். பாடம் முழுக்க அந்த அலகைப் பற்றித்தான்.

நாங்கள் நாலு பேர் ஒரு கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்து மில்ஃபர்ட் சவுண்ட் போனோம். வழியில் ஹோமர் சுரங்கப்பாதை வருகிறது. உள்ளே இடம் குறுகல் என்பதால் ஒரு பக்கத்து வண்டிகளை விடும்போது மறுபக்கம் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் கூரைமேல் 'டொக் டொக்' என்று சத்தம். "கல் விழுதா அண்ணே?" என்று பின்சீட்டுத் தம்பி கேட்டான். எட்டிப் பார்த்தால் மூன்று கியா. ஒன்று ஜன்னல் ரப்பரை நுனியில் பிடித்து நூல் மாதிரி இழுக்கிறது. இன்னொன்று கூரை ஜன்னலைச் சுற்றிப் பூசியிருந்த சிலிக்கோனைத் துண்டு துண்டாகப் பிய்த்துக் கீழே போடுகிறது. மூன்றாவது சும்மா வேடிக்கை பார்க்கிறது, நம்ம ஆளுங்க மாதிரியே.

அந்தப் பூச்சு போனால் என்ன ஆகும்? கேரவன், கேம்பர்வேன் கூரை பல பலகைகளை ஒட்டிச் சேர்த்தது. இணைப்புகளில் மழை இறங்காமல் காப்பது இந்தப் பசைப் பூச்சுதான். அதில் சின்னதாக ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. சுவருக்குள் இருக்கும் மரச்சட்டம் மாதக்கணக்கில் ஊறி மக்கும். வீட்டு ஜன்னலிலும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவில் மஞ்சள் கொண்டைக் காக்கட்டூ பால்கனி மரத்தையும் ஜன்னல் பூச்சையும் கடித்துத் துப்பும்.

பசிக்காகத் தின்கிறதா? பெரும்பாலும் இல்லை. மலையில் சாப்பாடு குறைவு. வேர், பழம், புழு, செத்த விலங்கு என்று கிடைத்ததைத் தோண்டியும் பிளந்தும் எடுத்தால்தான் பிழைக்க முடியும். அதனால் புதிதாக எதைக் கண்டாலும் தொட்டு, இழுத்து, உடைத்துப் பார்க்கும் குணம் இதற்குப் பிறவியிலேயே உண்டு. இளம் பறவைகள் கூட்டமாகச் சுற்றும். விளையாட்டுக்கு அளவே கிடையாது. ரப்பரும் சிலிக்கோனும் மென்மையானவை, இழுத்தால் நீளும். அந்த வயசுக்கு அது நல்ல பொம்மை.

ஆனால் இதே குணத்துக்காக மனிதர்கள் இதைக் கொன்றார்கள். குளிர்காலத்தில் சில கியாக்கள் ஆட்டின் முதுகைக் கொத்திக் கொழுப்பைத் தின்றன. ஆட்டுப் பண்ணைக்காரர்களுக்குக் கோபம் வந்தது. 1860களில் தொடங்கி, ஒரு அலகு கொண்டுவந்தால் இவ்வளவு காசு என்று கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் 1970 வாக்கில்தான் நின்றது. அதற்குள் 1,50,000க்கும் மேற்பட்ட கியாக்கள் கொல்லப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள். முழுச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது 1986இல். இன்று காட்டில் இருப்பவை 3,000 முதல் 7,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு.

துப்பாக்கி ஓய்ந்தது. கூரை இன்னும் கொல்கிறது. பழைய மலைக் குடில்களிலும் வீடுகளிலும் தகரக் கூரையை அடிக்க ஈயத் தலை வைத்த ஆணிகளைப் பயன்படுத்தினார்கள். புகைபோக்கியைச் சுற்றி மழை இறங்காமல் இருக்க ஈயத் தகட்டை மடித்து வைத்தார்கள். நான் சொல்வது காரீயம். பாட்டி ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேறு; போய்ப் பாட்டியைப் பயமுறுத்தாதீங்க. காரீயம் அலகுக்கு மென்மையாக இருக்கும், லேசாக இனிக்கவும் செய்யும். கியா அதைக் கடித்து விழுங்கும். இரைப்பையில் கரைந்து இரத்தத்தில் கலந்து நரம்பையும் மூளையையும் தாக்கும். பறவை சோர்ந்துபோகும், எடை குறையும், வலிப்பு வந்து சாகும். குறைந்த அளவு விஷம் ஏறியதோ உடனே சாகாது. அறிவு மங்கிய பறவை வண்டிக்கு விலகத் தெரியாமல் நிற்கும்.

அதனால் கியா பாதுகாப்பு அறக்கட்டளை போன்ற அமைப்புகள் மலைக் கிராமங்களில் ஈய ஆணிகளைக் கழற்றி, ஈயமில்லாத திருகாணிகளைப் போடும் வேலையில் இறங்கியிருக்கின்றன. ஊர்க் கூரைகளில் ஏறி ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்க வேண்டும். பேர் வாங்கித் தராத வேலை. எனக்கு இதைத்தான் பெரிய தொண்டாகத் தோன்றுகிறது.

அங்கே போகிறவர்களுக்கு முக்கியமான விதி: சாப்பாடு போடக் கூடாது. நமக்கு இது கஷ்டம். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடும் வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். எங்கள் தம்பியும் ரொட்டிப் பாக்கெட்டைப் பிரிக்கப் போனான். "இன்னைக்கு நீ ஒரு துண்டு கொடுத்தா, நாளைக்கு இது மலைக்குப் போகாது. இங்கேயே சுத்தி வண்டியில அடிபடும், இல்லன்னா கூரை ஈயத்தைத் தின்னும்" என்றேன். பாக்கெட்டை மூடிவிட்டான், முகம் மட்டும் கொஞ்ச நேரம் வாடியிருந்தது. மற்றபடி காலணி, துணி எதையும் வெளியே வைக்காதீர்கள். கியா வந்தால் விரட்டி அடிக்கவும் வேண்டாம். அதற்கு அதுவும் விளையாட்டுதான்.

அடுத்த வகுப்புக்கு வரும்முன் ஒரு வேலை. உங்கள் தாமானில் எந்தப் பறவை எந்தக் கட்டடத்தில் வந்து உட்காருகிறது, அங்கே அதற்கு என்ன கிடைக்கிறது, யார் கொடுக்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்து எழுதி வாங்க. கோயில் கூரையையும் விடாதீங்க.